கதை வேறு, சேதி வேறு

1

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தருவது என்றால் எழுத்து, சொல், வாக்கியம் என்று வரிசைப்படுத்துவார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். அதோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டிய இன்னொன்று உண்டு. அச்சில் இருப்பதில் எது கதை, எது நடந்த சேதி என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம். புனைவு, அபுனைவு என்று இதற்குப் பெயர் வைத்து, மொழிப்பாடத்தில் ஒரு பயிற்சியாக்கி, இரண்டு மதிப்பெண் கொடுத்து முடித்துவிடலாம். நமக்கு இது மதிப்பெண் சமாச்சாரம் இல்லை தோழர்களே. சாதி இந்த மண்ணில் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு நிலமும் அரிவாளும் மட்டும் காரணமில்லை. தன்னுடைய கதையை வரலாறு என்று நம்பவைத்தது. நம்முடைய வரலாற்றைக் கதை என்று ஒதுக்கிவைத்தது. இந்த இரண்டு வேலையையும் அது ஓய்வில்லாமல் செய்துவந்திருக்கிறது.

முதல் வேலைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷ சூக்தம் இருக்கிறது. ஒரு பெரிய புருஷன், அவன் வாயிலிருந்து ஒருத்தன், கையிலிருந்து ஒருத்தன், தொடையிலிருந்து ஒருத்தன், காலிலிருந்து ஒருத்தன். இதைப் பாட்டி சொல்கிற ராட்சசன் கதை மாதிரி கேட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை மனிதர்களின் பிறப்புச் சான்றிதழாக மாற்றிவிட்டார்கள். அந்த உடம்பில் நமக்கு விரல் நுனிகூட ஒதுக்கவில்லை என்பது வேறு விஷயம். அண்ணல் அம்பேத்கர் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ எழுதியபோது இந்தச் சூக்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்போது வந்தது, எதற்காக வந்தது, மற்றப் படைப்புக் கதைகளோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்விகளும் அவைதான். அளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது வேலை தினமும் நடக்கிறது. நம்ம புள்ள ஏதாவது சொன்னால் “கத வுடாத” என்கிறார்கள். ‘தண்ணிப் பானையைத் தொடக் கூடாதுன்னாங்க’ என்றால் கத வுடாத. ‘எங்கள மட்டும் பெருக்கச் சொன்னாங்க’ என்றால் கத வுடாத. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த விவகாரம் எப்படி வெளியே வந்தது? ஒரு பையனுக்கு டெங்கு. அவன் தாய் விசாரித்தார், பையன் சொன்னான். தாய் அதை நம்பினார், புகார் போனது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகித் தலைமை ஆசிரியை கைதானார். அந்தப் பையன் வாயிலிருந்து வந்தது அபுனைவு. அதைக் கதை என்று தள்ளாமல் சேதி என்று எடுத்துக்கொள்ள ஒருத்தர் இருந்ததால்தான் வழக்கே வந்தது.

2

திருவண்ணாமலையில் இந்தப் பாடம் நடத்துவது மற்ற ஊர்களைவிடச் சிரமம். இங்கே கதை புத்தகத்துக்குள் இல்லை. 2,668 அடி உயரத்துக்கு ஊர் நடுவே நிற்கிறது. பிள்ளை கண் திறந்தால் மலை. மலை ஏன் வந்தது என்று கேட்டால் உடனே ஒரு பதில். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவன் என்று சண்டை. சிவன் நெருப்புத் தூணாக நின்றார். விஷ்ணு பன்றியாகி அடியைத் தேடிப் போனார், காணோம், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் போனார், அவருக்கும் காணோம். ஆனால் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சேர்த்துக்கொண்டு ‘பார்த்தேன்’ என்றார். தாழம்பூ ஆமாம் போட்டது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூசையில் இடமில்லை என்று சாபம். அந்த நெருப்புதான் இந்த மலை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையே பொய்சாட்சியைப் பற்றியது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவன் படைப்புக் கடவுளாக இருந்தாலும் தண்டனை உண்டு என்கிற கதை. நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ஆனால் நடப்பது என்ன? ‘முடியைப் பார்த்தேன்னு சொல்றியே, நெசமாப் பார்த்தியா?’ என்று கேட்கிற கதையைச் சொல்லிக்கொண்டே, ‘இத யாரு சார் பார்த்தது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘சாமி குத்தம்டா’ என்று வாயை அடைக்கிறார்கள். கதை கேட்கச் சொல்வதைக் கதை சொல்பவர் தடுக்கிறார்.

மலை இருப்பது சேதி. கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி என்பது சேதி. கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள் என்பது சேதி, யாரும் போய்ப் பார்க்கலாம். அன்னம் பறந்தது கதை. நெருப்பு மலையானது கதை. மலையே சிவன் என்று கும்பிடுவது நம்பிக்கை. மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஒட்டி வருவதால்தான் பிள்ளைக்குக் குழப்பம். பார்க்கக்கூடிய மலை, பார்க்க முடியாத கதைக்குச் சாட்சியாக்கப்படுகிறது. ‘அதோ மலை இருக்குதே, அப்ப கதையும் நெசம்தான்’ என்கிற தர்க்கம். புராணம் முழுக்க இந்த ஒரு தந்திரத்தில்தான் நடக்கிறது. ஊர் உண்மை, ஆறு உண்மை, கோயில் உண்மை, அதனால் நடுவில் சொருகியதும் உண்மை.

இதில் என்ன கெடுதல், கேட்டுட்டுப் போகட்டுமே என்பவர்களுக்கு ஒரு சேதி. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். மலையைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்போம். மலை என்பது பாறையும் மண்ணும், அளவுக்கு மீறித் தண்ணீர் இறங்கினால் சரியும், அடிவாரத்தில் குடியிருக்க வந்தவர்களுக்கு வேறு இடமில்லாமல் போனது ஏன் என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? அந்த ஆண்டு தீபத்துக்கு மண்ணியல் வல்லுநர்கள் வந்து மலையைப் பரிசோதித்தார்கள், பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று ஆனது. அரசாங்கமே அன்றைக்குக் கதையைத் தனியாக, பாறையைத் தனியாகப் பிரித்துத்தான் பார்த்தது. உயிர் என்று வரும்போது எல்லோருக்கும் இந்தப் பாடம் தெரிகிறது.

3

சின்னப் புள்ளைங்களுக்கு இது புரியுமா என்று கேட்கிறார்கள். பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகப் புரியும். நம் தெருவில் ஐந்து வயசுப் பிள்ளைகள் சோறாக்கி விளையாடுவதைப் பாருங்கள். கொட்டாங்குச்சியில் மண்ணைப் போட்டு, தண்ணி ஊத்தி, இலையைக் கிள்ளிக் கொழம்பு வைத்து, ‘சாப்பிடுங்க’ என்று நம் முன்னால் வைக்கும். நாமும் ஊம் ஊம் என்று சாப்பிடுகிற மாதிரிச் செய்வோம். நெசமாகவே வாயில் போட்டால் அதே பிள்ளை ‘ஐயோ மண்ணு மண்ணு’ என்று கத்தும். கதை எது, நெசம் எது என்று அதற்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோட்டை அது போட்டுத்தான் விளையாடுகிறது.

நம் வாய்மொழி மரபிலும் அந்தக் கோடு உண்டு. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று ஆயா ஆரம்பித்தால் அது ஒரு அறிவிப்பு. எந்த ஊர், எந்த ராஜா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ‘உம்’ கொட்டினால் போதும். அதே ஆயா ‘தாது வருசப் பஞ்சத்துல’ என்று ஆரம்பித்தால் குரல் மாறும். அது 1876இல் தொடங்கிய பஞ்சம், அவருடைய முன்னோர் பட்டது, அங்கே ‘உம்’ கொட்டினால் போதாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆக எழுத்துத் தெரியாத ஆயாவுக்குப் புனைவும் அபுனைவும் தெரிந்திருந்தது. அந்தக் கோட்டை அழித்தது நம் மக்கள் இல்லை. புராணத்தைச் சரித்திரம் என்று அச்சடித்தவர்கள், நீதிபோதனை வகுப்பில் ஏகலைவன் கட்டை விரலைக் குருபக்திக்கு உதாரணமாகச் சொன்னவர்கள் அழித்தார்கள்.

பள்ளிக்கூடப் புத்தகமும் இந்தக் கோட்டைப் போட்டுக்கொடுக்கவில்லை. நாம் படித்த தமிழ்ப் புத்தகம் செய்யுள், உரைநடை, துணைப்பாடம் என்று பிரித்திருந்தது. அது வடிவத்தை வைத்துப் பிரித்தது. சொல்லப்படுவது நடந்ததா, கற்பனையா என்பதை வைத்துப் பிரித்ததல்ல. செய்யுளில் வரலாறு வரலாம், உரைநடையில் புளுகு வரலாம், பிள்ளைக்குக் கேட்கத் தோன்றாது. நூலகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். உலகம் முழுக்க வழங்குகிற டியூவி பகுப்பு முறையில் மதநூல்களுக்கு 200 வரிசை, நாட்டார் கதைகளுக்கு 398 என்று எண் கொடுத்து, அறிவுத்துறைகளோடு அடுக்கி வைத்துவிடுகிறார்கள். புராணமும் பூகோளமும் ஒரே பக்கத்து அலமாரி. எண்ணைப் பார்த்து முடிவு செய்கிற பிள்ளை ஏமாந்துபோகும். பக்கத்தைத் திறந்து கேள்வி கேட்கிற பிள்ளைதான் தப்பிக்கும்.

இங்கே நம் பகுத்தறிவு நண்பர்களோடு ஒரு தகராறு இருக்கிறது. புராணமெல்லாம் பொய், தூக்கிப் போடு என்பார்கள். கோபம் நியாயம்தான், வார்த்தை சரியில்லை. கதையைப் பொய் என்று சொல்வதும் தப்பு, வரலாறு என்று சொல்வதும் தப்பு. கதை என்று சொன்னாலே போதும். நடந்தது என்று சொல்லி நடக்காததை விற்றால்தான் பொய். நரியும் காக்காவும் பேசிய கதையை யாரும் பொய் என்று வழக்குப் போடவில்லை. நம் பிள்ளைகளிடமிருந்து கதையைப் பிடுங்கிக்கொண்டு வெறும் தகவலைக் கொடுத்தால் அது இன்னொரு பட்டினி. தவிரவும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறவர்களில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்! மாலை வகுப்பில் ‘உங்க அம்மா கும்பிடுறது பொய்’ என்று சொல்லி அனுப்பினால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது, வரவும் கூடாது. அதனால்தான் இரண்டு குவியல் போதாது, மூன்று வேண்டும் என்கிறேன். கதை, சேதி, நம்பிக்கை. நம்பிக்கையை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அதைச் சேதி என்று கரும்பலகையில் எழுதினால் மட்டும் நாம் கை தூக்குவோம்.

4

இப்போது விஷயத்தின் நெருப்புக்கு வருவோம்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் அறுபத்துமூவர் உலா. நாயன்மார் சிலைகளைப் பள்ளி மாணவர்கள் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவது இந்த ஊர் வழக்கம். அந்த 63 பேரில் ஒருவர் திருநாளைப்போவார், நம் நந்தன். அவரை ஒரு பிள்ளை சுமக்கிறது. ‘யாரு சார் இவரு?’ என்று கேட்டால் சொல்லப்படுவது இது: தாழ்ந்த குலம், பெரிய பக்தி, தில்லைக்குப் போக ஆசை, நெருப்பில் இறங்கினார், பூணூலோடு முனிவராக வெளியே வந்தார், உள்ளே போனார், சோதியில் கலந்தார். முடிந்தது.

இது கதையா, சேதியா?

இந்தக் கதை எப்படி வளர்ந்தது என்று பார்த்தாலே பிள்ளைக்குப் பாதி பாடம் முடிந்துவிடும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயர் மட்டும் ஒரு வரியில் வருகிறது. சாதி இல்லை, தீ இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு பாடுகிறார். அதில் ஆதனூர் வருகிறது, புலை வருகிறது, முனியானது வருகிறது. நெருப்பு இன்னும் மூட்டவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடுகிறார். சேரி, தோல், முரசு, திருப்புன்கூரில் விலகிய நந்தி, தில்லையில் வேள்வித்தீ எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் அதிலும் பண்ணையார் கிடையாது. 1860களில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சாகிறது. அதில்தான் வேதியர் என்கிற ஆண்டை வருகிறார், நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார். பாரதி கண்ணால் பார்த்த 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணை அது. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டாரே என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிறகு சினிமா. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்ததில் தண்டபாணி தேசிகர். நம் ஊரில் பலருக்குத் தெரிந்த நந்தன் இந்தக் கீர்த்தனையும் சினிமாவும் செய்த நந்தன்.

ஒரு வரி ஒரு பாட்டாகி, பாட்டு புராணமாகி, புராணம் கீர்த்தனையாகி, கீர்த்தனை படமானது. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்பவர் தம் காலத்தைச் சேர்த்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் கற்பனை என்று ஒப்புக்கொள்கிற அந்த வேதியர்தான் உண்மைக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறார். அப்படிப்பட்ட ஆண்டைகள் இருந்தார்கள். பழசு, புனிதம் என்று கருதப்படுகிற நெருப்புதான் கேள்வி கேட்கப்படாமல் நிற்கிறது. புனைவு உண்மையைச் சொல்லும் என்பதற்கும், பழமை உண்மைக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கும் நந்தன் கதையே சாட்சி.

நெருப்பைச் சேதி என்று எடுத்துக்கொண்ட பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? கோயிலுக்குள் போக வேண்டுமானால் பிறப்பு எரிய வேண்டும். பறையனாக இருந்து போக முடியாது, பார்ப்பனனாக மாறித்தான் போக வேண்டும். வள்ளுவருக்குப் பார்ப்பனத் தகப்பனைக் கற்பித்த கதைக்கும் இதே உள்நோக்கம்தான். நம்மிடமிருந்து ஒரு பெரிய ஆள் வந்துவிட்டால், அவர் உடம்பிலோ ரத்தத்திலோ அவர்களை ஏற்றியாக வேண்டும்.

இதற்குப் பக்கத்தில் அபுனைவை வைத்துப் பாருங்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் முன்னிற்க நம் மக்கள் நுழைந்தார்கள். அன்று யாரும் தீயில் இறங்கவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அண்ணாமலையார் கோயில் உட்பட எல்லாக் கோயிலிலும் நாம் உள்ளே போவது உரிமை என்று எழுத்தில் ஆனது. அப்புறம் எழுபத்தைந்து வருசம் கழித்து, 2023 ஜனவரி 30ஆம் தேதி, இதே மாவட்டம் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல்முறையாக நம் மக்கள் போனார்கள். மாவட்ட ஆட்சியர் உடன் வர, போலீஸ் காவலோடு. பொங்கப் பானையும் பூவும் கொண்டு போனார்கள், பிறப்பை யாரும் எரிக்கச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலில் இதே மாதிரி. அறநிலையத்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அப்படியும் 2023 வரை காத்திருக்க வேண்டி வந்தது என்பதும் சேதிதான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நந்தன் நெருப்பால் போனது கதை. நாம் சட்டத்தாலும் போராட்டத்தாலும் போனது சேதி. இந்த இரண்டையும் ஒரு பிள்ளையின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நாம் மேலே விளக்கம் சொல்லத் தேவையில்லை. எதற்கு அது யோசிக்கும், எதற்கு அது அழும், எதை அது பின்பற்றும் என்று அதுவே முடிவு செய்யும்.

5

அபுனைவு என்றாலே உண்மை என்று நினைத்துவிடுகிற ஆபத்தும் உண்டு. கதைப் புத்தகம் கற்பனை, கட்டுரைப் புத்தகம் உண்மை என்று பள்ளியில் சொல்லித் தருவது பாதிக் கிணறு தாண்டிய கதை. ஒரு எழுத்து ‘இது நடந்தது’ என்று உரிமை கொண்டாடுகிறதா என்பது முதல் கேள்வி. அந்த உரிமை செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற, கௌரவமான பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பு எந்த நூலகத்திலும் புனைவு அலமாரியில் இருக்காது. ஆனால் ‘கனவான்கள் கொளுத்த மாட்டார்கள்’ என்பது எவ்வளவு பழைய கதை! இன்னொரு பக்கம் அதே வெண்மணியை வைத்து எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல், 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது, கூலிப் போராட்டத்தை நிலக்கிழாரின் ஆண்மைக் குறையாகத் திருப்பிவிட்டது என்று விமர்சிக்கப்பட்டது. தீர்ப்புக்குள் கதை இருக்கலாம், கதைக்குள் தீர்ப்பு இருக்கலாம். மாணவத் தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதே பாடத்தை அவர்கள் கையில் இருந்த புத்தகத்திலிருந்தே சொல்லலாம். நம் அரசுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் பல பத்தாண்டுகள் மூன்று வரி அச்சிட்டு வந்தார்கள். தீண்டாமையைப் பாவம் என்றது ஒரு வரி, குற்றம் என்றது ஒரு வரி, மனிதத்தன்மை இல்லாதது என்றது ஒரு வரி. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பாவம் என்பது நம்பிக்கை, சாமியை நம்புகிறவருக்கு மட்டும் செல்லும். மனிதத்தன்மை இல்லாதது என்பது கருத்து, நம் கருத்தும் அதுதான். குற்றம் என்பது மட்டும் சேதி. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு இருக்கிறது, 1955 சட்டம் இருக்கிறது, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். பாவம் பண்ணினவன் பரிகாரம் பண்ணிவிட்டுப் போவான். குற்றம் பண்ணினவன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இந்த வித்தியாசம் பத்து வயதில் தெரிந்த பிள்ளை இருபது வயதில் புகார் மனுவைச் சரியாக எழுதும்.

6

நம் வீட்டுக் கதைகளுக்கும் இதே உரைகல்தான். இதைச் சொன்னால் சில தோழர்களுக்கு வருத்தம் வரும், பரவாயில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதியபோது நந்தனை ஒரு பௌத்த அரசனாகச் சொன்னார். வேஷப் பிராமணர்களால் வஞ்சிக்கப்பட்ட அரசன். கேட்க நமக்கு இனிக்கிறது. நம் ஊர்வலங்களில் அதை நடந்த சேதியாகவே பேசுகிறோம். ஆனால் பிள்ளையிடம் ‘நந்தன் ராஜாவா இருந்தாரு’ என்று சொல்வதும், ‘நந்தன் ராஜாவா இருந்தாருன்னு பண்டிதர் எழுதினாரு’ என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் நேர்மை. அவர்கள் கதைக்குப் பதிலாக நம் கதையைக் கேள்வி இல்லாமல் விழுங்க வைத்தால், பிள்ளைக்கு விழுங்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பண்டிதர் செய்தது மிகப் பெரிய வேலை. ஒரே ஒரு கதைதான் உண்டு என்று இருந்த இடத்தில், இதே பெயருக்கு இன்னொரு கதை இருக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஆதாரம் கேட்கிற உரிமையைப் பிள்ளைக்குக் கொடுப்போம்.

இதற்கு வழிகாட்டியவர் அம்பேத்கரே. 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் நொறுக்கப்பட்ட மனிதர்கள் என்கிற தம் கோட்பாட்டை வைக்கிறார். முன்னுரையிலேயே, சான்றுகளின் சங்கிலியில் கண்ணிகள் அறுந்திருக்கின்றன, அந்த இடங்களை ஊகத்தாலும் கருதுகோளாலும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஊகத்தை ஊகம் என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. அதே நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவர் நினைவுக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார். நந்தனுக்கு மரியாதை செய்ய நெருப்பை நம்ப வேண்டியதில்லை என்று இதைவிட அழகாக யார் காட்ட முடியும்?

7

சரி, இப்ப என்ன பண்றது?

காலனிகளில் மாலை வகுப்பு, இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்களுக்கும், விடுமுறைக்கு ஊருக்கு வருகிற மாணவர்களுக்கும் செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். துண்டுக் காகிதங்களில் ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள். ‘மலை 2,668 அடி உயரம்.’ ‘தாழம்பூ பேசியது.’ ‘மலை சாமி.’ ‘2023இல் தென்முடியனூர் கோயிலுக்குள் எல்லோரும் போனார்கள்.’ ‘நந்தி நகர்ந்தது.’ ‘எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது.’ தரையில் மூன்று வட்டம் போட்டு, கதை, சேதி, நம்பிக்கை என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வரும், வரட்டும். நாம் விடை சொல்லாமல் நான்கு கேள்வி மட்டும் கேட்போம். சொன்னது யாரு? அவருக்கு எப்பிடித் தெரியும்? நாம போய்ப் பார்க்க முடியுமா, இல்ல வேற யாரையாவது கேட்க முடியுமா? இத நம்பினா யாருக்கு லாபம்? கடைசிக் கேள்வி பாடப் புத்தகத்தில் வராது, நாம்தான் சேர்க்க வேண்டும். இன்றைக்குச் செல்போனில் வந்து விழுகிற படத்தையும் குரலையும் எதிர்கொள்ளவும் இதே நான்கு கேள்வி உதவும்.

அம்பேத்கரின் சிறுபிள்ளை நினைவை வாசித்துக் காட்டுங்கள். 1901இல் அண்ணன், அக்கா பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்கு ரயிலில் கிளம்பி, ஸ்டேஷனில் இறங்கி, மகார் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருத்தரும் ஏற்றாமல், இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி முழுக்கத் தவித்த பயணம். 2006இல் வந்த மத்திய அரசின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் அது இருந்தது. 2024இல் அந்த வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்துவிட்டது. பாடப் புத்தகங்கள் மாறும். நாம் கையோடு வைத்திருப்போம். ஒன்பது பத்து வயசுப் பையனுக்கு நடந்தது என்பதால் நம் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்கும். கேட்டு முடித்ததும் ‘நெசமாவா சார்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். ‘நெசம்தான், அவரே எழுதி வச்சிருக்காரு, இந்தா’ என்று புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

அப்புறம் எழுத வையுங்கள். ஒரு பக்கம் கற்பனைக் கதை, இஷ்டத்துக்குப் பறக்கட்டும். எதிர்ப்பக்கம் ‘எங்க தெருவில் நடந்தது’, தேதி, இடம், யார் பார்த்தது என்று. ஆயாவைக் கேட்டு எழுதட்டும், டீக்கடையில் எத்தனை விதத் தம்ளர் இருந்தது, எந்த வருசம் மாறியது என்று கேட்டு எழுதட்டும். எழுதியதை நோட்டுப் போட்டுச் சேர்த்து வைப்போம். நாளைக்கு எவனாவது ‘அப்பிடியெல்லாம் இங்க எதுவும் நடக்கல, கத வுடாதீங்க’ என்பான். அன்றைக்கு அந்த நோட்டு இருக்கும், எழுதிய கை இருக்கும்.